கல்லுக்கு எடுத்த ஸ்கேனில் கட்டி: சிறுநீரகப் புற்று யாருக்கு, எதனால்?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு 66 வயது, சென்னிமலைப் பக்கம் தோட்டம். விலாவலி வந்து, கல்லாக இருக்கும் என்று ஸ்கேன் எடுக்கப் போனவருக்கு இடது சிறுநீரகத்தில் 4 செ.மீ. கட்டி தெரிந்திருக்கிறது. சி.டி.யும் எடுத்துப் பார்த்துவிட்டு, புற்றுநோய் போலத்தான் தெரிகிறது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றிருக்கிறார்கள். உங்களுக்கு 41, லேத் பட்டறை வைத்திருக்கிறீர்கள். கேட்டிருப்பது மூன்று கேள்வி. கல்தான் முற்றிப் புற்றாகிவிட்டதா? இத்தனை வருசம் குடித்த போர் தண்ணியா காரணம்? அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: பி.பி. இருக்கிறது, மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், தலைசுற்றினால் மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்று. முப்பது வருசம் சிறுநீரக அறுவைப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் மூன்று கேள்வியைவிட எனக்கு உறுத்தியது அந்த வரிதான். அதற்கு வருகிறேன்.

முதலில் கல். கல் முற்றிப் புற்றாவதில்லை. சிறுநீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் ஆக்சலேட்டும் படிந்து இறுகுவது கல். சிறுநீரகத்தின் சதைப்பகுதியில் இருக்கும் நுண்குழாய்களின் உயிரணு கட்டுமீறிப் பெருகுவது புற்று. வருசக்கணக்கில் கிளைவிட்டு அடைத்துக் கிடக்கும் பெரிய கல், சிறுநீரகத்துக்குள் சிறுநீர் வந்து சேரும் உள்பையின் தோலை உரசி உரசி அங்கே ஒருவகைப் புற்றைக் கிளப்புவது உண்டு. அது மிக அரிது, உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பதாகச் சொல்லும் வகையும் அதுவல்ல. கல் இருந்த ஆண்களுக்குப் பிற்பாடு சிறுநீரகப் புற்று சற்றுக் கூடுதலாகத் தெரியவருவதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: கல்காரர்கள் அடிக்கடி ஸ்கேன் எடுக்கிறார்கள், அதனால் அடிக்கடி கண்டுபிடிக்கப்படுகிறார்கள். இன்றைக்குத் தெரியவரும் சிறுநீரகப் புற்றுகளில் பாதிக்கு மேல் இப்படி வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தட்டுப்படுபவைதான். அப்பாவின் கட்டியைக் கல் உண்டாக்கவில்லை. வலி வந்ததால்தான் அது வெளியே தெரிந்திருக்கிறது, அந்த வகையில் நல்லதாகப் போயிற்று.

இனி தண்ணி. பெருந்துறை, காங்கேயம், தாராபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் எந்தச் சீக்குக்கும் முதல் பழி சப்பத்தண்ணிக்குத்தான், அதாவது கடுமையான போர் தண்ணிக்குத்தான். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், ஆகவே உள்ளேயும் அப்படித்தான் செய்யும் என்று ஒரு கணக்கு. தண்ணியின் கடுமைக்குக் காரணம் சுண்ணாம்பும் மக்னீசியமும். அவை இரண்டும் புற்றை உண்டாக்கும் பொருட்கள் அல்ல. சேலம், தர்மபுரிப் பக்கத்து ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், அது வேறு கதை. குடிதண்ணீரில் ஆர்சனிக் மிகுந்த இடங்களில் சிறுநீரகப் புற்றோடு ஒரு தொடர்பு பேசப்படுகிறது. அது பெரிதும் கங்கைச் சமவெளியின் சிக்கல்.

நொய்யல் ஆற்றுத் தண்ணி என்றால் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகிப் போனதும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஊர்ச் சங்கதி. சில பழைய சாயங்களில் இருந்த பென்சிடின் போன்ற அமின் பொருட்கள் புற்றை உண்டாக்கும் என்பது உறுதிப்பட்ட விசயம். ஆனால் அவை தாக்குவது பெரும்பாலும் மூத்திரப்பையை, சில சமயம் சிறுநீரகத்தின் உள்பையையும் குழாயையும். அதுவும் பட்டறைக்குள் வருசக்கணக்கில் அந்தச் சாயத்தைக் கையாண்டவர்களுக்கு. ‘சிறுநீரகப் புற்று’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் சதைப்பகுதியில் வருவது ஒன்று, உள்பையின் தோலில் வருவது இன்னொன்று. காரணமும் வேறு, சிகிச்சையும் வேறு. பெரியவர்களுக்கு வருவதில் பத்தில் எட்டு ஒன்பது முதல் வகை. குழந்தைகளுக்கு வரும் வில்ம்ஸ் கட்டி முற்றிலும் தனி.

அப்படியானால் எதுதான் காரணம்? ஊர்வாயில் அடிபடாத மூன்று சங்கதிகள்: புகை, எடை, இரத்த அழுத்தம். கேட்டவுடன் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். எல்லா வியாதிக்கும் டாக்டர்கள் இதையேதான் சொல்கிறார்கள் என்று சலித்துக்கொள்வீர்கள். நானும் உங்கள் இடத்தில் இருந்தால் சலித்துக்கொள்வேன். ஆனால் சிறுநீரகத்துக்கு இவை மூன்றும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால் அந்தச் சலிப்பு கொஞ்சம் குறையும்.

இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகத்துக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்தால் கால் கிலோவைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும். அவ்வளவு சின்ன உறுப்பு நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு வடித்து, ஒன்றரை இரண்டு லிட்டரை வெளியே விட்டுவிட்டு மிச்சத்தை நுண்குழாய் வழியே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. பனைவெல்லம் காய்ச்சுகிற கொப்பரையில் பதநீர் சுண்டச் சுண்ட அடியில் கெட்டியாகுமே, அதுபோல இரத்தத்தில் லேசாக இருக்கும் நஞ்சு இந்தக் குழாயில் செறிவாகிறது. புற்று கிளம்பும் இடமும் பெரும்பாலும் இந்தக் குழாய்தான்.

பீடி, சிகரெட்டில் நெஞ்சுக்குள் போகும் புகையின் நஞ்சு இரத்தத்தில் கலந்து இந்தக் கொப்பரைக்குத்தான் வருகிறது. புகைக்கும் ஆணுக்கு ஆபத்து புகைக்காதவரைவிட ஏறக்குறைய பாதி கூடுகிறது, பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு. நாளைக்கு ஒரு பாக்கெட்டைத் தாண்டினால் இரண்டு மடங்கை எட்டும். நிறுத்தினால் இறங்கும். ஆனால் மெதுவாக, பத்து வருசத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு. ‘பீடிதானே, இலைதானே சுத்தியிருக்கு’ என்று என்னிடம் வாதம் செய்த பெரியவர்கள் உண்டு. உள்ளே இருப்பது அதே புகையிலைதான்.

எடை விசயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு பழைய நினைப்பு இருக்கிறது: தோட்டங்காட்டு வேலை செய்கிற உடம்பு, ஒன்றும் ஆகாது என்று. உங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் உண்மை. மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணி இறைத்தார், காட்டுக்கு நடந்தார், கம்பங்கூழைக் குடித்தார். இப்போது மோட்டாரைப் போடக்கூட யாரும் கிணத்துமேட்டுக்குப் போவதில்லை, செல்போனில் ஒரு கால் கொடுத்தால் ஸ்டார்ட்டர் ஓடுகிறது. தோட்டத்துக்குப் போக வண்டி, வந்து உட்கார நாற்காலி. வேலை போய்விட்டது, வேலைக்காரனின் சாப்பாடு மட்டும் குறையவில்லை. உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு, பி.எம்.ஐ. என்கிறார்களே, அது 5 புள்ளி கூடினால் சிறுநீரகப் புற்றின் ஆபத்து ஆண்களுக்கு நூற்றுக்கு 24-ம் பெண்களுக்கு 34-ம் ஏறுவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். 170 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு 5 புள்ளி என்பது சுமார் 14 கிலோ, 155 செ.மீ. உள்ள பெண்ணுக்கு 12 கிலோ. கல்யாணத்துக்கு எடுத்த போட்டோவை எடுத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். வயிற்றுக் கொழுப்பு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் மூட்டை அல்ல. இன்சுலினை ஏற்றுகிறது, அதன் உறவுக்கார ஹார்மோன்களை ஏற்றுகிறது, அவை உயிரணுக்களைப் ‘பெருகு, பெருகு’ என்று தூண்டுகின்றன. சர்க்கரை வியாதியையும் காரணமாகச் சொல்வார்கள். அதன் பங்கில் பெரும்பகுதி இந்த எடையோடும் பி.பி.யோடும் பின்னிக் கிடக்கிறது.

இப்போது அந்த மாத்திரைக்கு வருகிறேன். பி.பி. உள்ளவர்களுக்குச் சிறுநீரகப் புற்றின் ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. ‘மாத்திரை சாப்பிடுவதால்தான் கிட்னி போகிறது’ என்று நம் பக்கம் ஒரு பேச்சு சந்தையில், பஸ்ஸில், சாவு வீட்டில் எல்லாம் ஓடுகிறது. இந்தப் பேச்சுக்கு ஒரு சின்ன மூலமும் உண்டு. நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இந்தப் புற்று அதிகம் தெரிந்ததாகப் பழைய ஆய்வுகள் சில சொல்லின. ஆழப் பார்த்தபோது, மாத்திரை சாப்பிடுகிறவர் யார்? பி.பி. உள்ளவர்தானே. இரண்டில் எது குற்றவாளி என்று பிரித்துப் பார்த்தால் பெரும்பங்கு பழி பி.பி. மேலேயே விழுகிறது. குடை பிடித்தவர்களெல்லாம் நனைந்திருக்கிறார்கள் என்று குடையைக் குற்றம் சொல்வது போல. உங்களுக்கு 41 வயது. இப்போதிருந்து கட்டுக்குள் வைத்தால் இந்தப் புற்று மட்டுமா, பக்கவாதமும் சிறுநீரகச் செயலிழப்பும் தள்ளிப்போகும். தலைசுற்றல் பி.பி.யின் அளவுகோல் அல்ல. முக்கால்வாசிப் பேருக்கு அது எந்த அறிகுறியும் காட்டாது. பட்டறையை விட்டு நகர முடியாது என்றால் மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் ஊர் செவிலியரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

லேத் பட்டறை என்றதும் இன்னொன்று கேட்கத் தோன்றியது. கடைந்த உருப்படியில் எண்ணெய்ப் பிசுக்கை எதில் கழுவுகிறீர்கள்? டீசல், மண்ணெண்ணெய் என்றால் நான் இங்கே பேசுவது அதுவல்ல. டி.சி.இ. என்று பீப்பாயில் வருமே, டிரைகுளோரோஎத்திலீன், தித்திப்பான வாசனை, சட்டென ஆவியாகும், அதுதான். உலோகப் பிசுக்கெடுக்கவும் துணிக்கறை போக்கவும் உலகமெங்கும் பல்லாண்டு பயன்பட்ட பொருள். சிறுநீரகப் புற்றை உண்டாக்கும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்ட வேதிப்பொருள் இது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் பட்டியலில் வைத்திருக்கிறது, அமெரிக்கா 2024 டிசம்பரில் இதைத் தடைசெய்ய ஆணை பிறப்பித்தது. வேடிக்கை என்னவென்றால் டி.சி.இ. நேராகப் புற்றாக்குவதில்லை. உடம்பு அதை வெளியேற்றப் பக்குவப்படுத்தி அனுப்பும்போது, சிறுநீரக நுண்குழாயில் வந்து அது கொடிய நஞ்சாக மாறுகிறது. கோயம்புத்தூர் பம்பு, மோட்டார் உதிரிப் பட்டறைகளிலும் திருப்பூரில் கறை எடுக்கும் மேசைகளிலும் வேலை செய்பவர்கள் பீப்பாய்ச் சீட்டைப் படிக்கும் பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர் இருந்தால் மாற்றுங்கள். மாற்றும்வரை காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வேலை முடிந்து அதிலேயே கையைக் கழுவுகிற வழக்கத்தை மட்டும் இன்றைக்கே விடுங்கள்.

இதோடு சேர்த்து நகைத்தொழிலில் இருக்கும் ஒறம்பரை, சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கே.டி.எம். தங்கம் என்று ஒரு காலத்தில் போர்டு வைத்து விற்றார்களே, பொடி வைத்து ஊதி ஒட்டுவதற்குக் காட்மியம் சேர்த்ததால் வந்த பெயர் அது. ஊதும்போது எழும் காட்மியப் புகை நுரையீரல் புற்றுக்கு உறுதியான காரணம், சிறுநீரகப் புற்றோடும் தொடர்பு சொல்லப்படுகிறது. நகையைப் போட்டுக்கொள்பவருக்கு ஒன்றுமில்லை, ஊதியவருக்குத்தான். எப்போதும் அப்படித்தானே.

அப்பாவுக்கு நாட்டு வைத்தியத்தில் ஈடுபாடு உண்டு என்று எழுதியிருந்தீர்கள். ஆபரேஷனுக்கு முன் ஏதாவது வேர் குடுக்கலாமா என்று கேட்கிறாராம். சித்த மருத்துவத்தைக் குறைசொல்ல எனக்கு எண்ணமில்லை, என் வீட்டிலும் சுக்கும் மிளகும் தான் முதல் மருந்து. ஆனால் ஒரு குடும்பத்துச் செடிகளைப் பற்றி மட்டும் கறாராகச் சொல்வேன்: ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி. முதலாவது நம் கரிசக்காட்டு வரப்பில் தானாக முளைப்பது. கண்டதைக் கடிக்கும் வெள்ளாடே வாய் வைக்காது என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. குடல்பூச்சிக்கு, பாம்புக்கடிக்கு என்று இவற்றைக் கொடுப்பது பழைய வழக்கம். இவற்றில் உள்ள அரிஸ்டலோகிக் அமிலம் உயிரணுவின் மரபுப்பொருளிலேயே போய் ஒட்டிக்கொண்டு நிரந்தரக் கோளாறு செய்வது. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடம்பு இளைக்க என்று கொடுத்த சீன மூலிகை மாத்திரையில் இந்தக் குடும்பத்துச் செடி கலந்துபோனது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானது. பழுதான சிறுநீரகங்களை எடுத்துச் சோதித்த 39 பேரில் 18 பேருக்கு உள்பையிலோ சிறுநீர்க்குழாயிலோ புற்று இருந்தது. பால்கன் நாடுகளில் கோதுமையோடு இதன் விதை கலந்து அரைபட்டதால் ஊர் ஊராகச் சிறுநீரகம் கெட்ட கதையும் உண்டு. இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் ஆடு மாடு தின்னாத இலையெல்லாம் பறித்துக் கரைசல் போட்டுப் பூச்சிக்குத் தெளிக்கிறார்களே, அது வேறு. வயிற்றுக்குள் போகிற கசாயம் வேறு. அப்பாவிடம் என் பெயரைச் சொல்லியே தடுத்துவிடுங்கள்.

இங்கிலீஷ் மருந்தும் யோக்கியம் இல்லை. வலிக்குப் போட்ட பழைய ஏ.பி.சி. மாத்திரையை உங்கள் அப்பா தலைமுறை மறந்திருக்காது. அதில் இருந்த ஃபினாசெட்டின் இதே உள்பைப் புற்றுக்குக் காரணம் என்று தெரிந்து 1980-களில் பல நாடுகளில் ஒழிக்கப்பட்டது. இன்றைய வலி மாத்திரைகள் அந்தளவு இல்லை. ஆனால் தறி ஓட்டி முதுகு வலிக்கிறதென்று மெடிக்கலில் தினமும் வாங்கிப் போட்டால் சிறுநீரகம் நைந்துபோகும், நைந்த சிறுநீரகத்தில் புற்றின் ஆபத்தும் கூடுகிறது. பல வருசம் டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தம் சுருங்கிய சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் கிளம்பி அதில் சில புற்றாவது உண்டு. அவர்களைக் கவனிக்கும் மருத்துவரிடம் அவ்வப்போது ஸ்கேன் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். மற்றபடி சாதாரண ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘சிம்பிள் சிஸ்ட்’ என்று பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் ஏராளம். ஐம்பது தாண்டியவர்களுக்கு அது நரைமுடி மாதிரி, ஒன்றும் செய்ய வேண்டாம்.

குடி? அளவாகக் குடிப்பவர்களிடம் இந்த ஒரு புற்று மட்டும் சற்றுக் குறைவாகத் தெரிகிறது. உண்மையை மறைக்கக் கூடாதென்று சொல்கிறேன். அதே குடி வாய், தொண்டை, ஈரல், குடல், மார்பு என்று மற்ற இடங்களில் புற்றைக் கூட்டுகிறது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

கடைசிக் கேள்வி, ‘எனக்கு வருமா’. பெற்றவருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேட்டதும் திக்கென்றிருக்கும். ஆனால் எதன் இரண்டு மடங்கு என்று பாருங்கள். நம் நாட்டில் இந்தப் புற்று ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது. இரண்டு என்பது நாலாகும், அவ்வளவே. அதில் ஆண் என்பதால் பெண்களைவிட ஏற்கனவே இரண்டு பங்கு, அதை யாராலும் மாற்ற முடியாது.

உண்மையான பரம்பரைச் சிறுநீரகப் புற்று நூற்றில் ஐந்து போலத்தான். வான் ஹிப்பல்-லிண்டாவ் என்ற குடும்பநோய் அதில் பிரபலம், சுமார் 36,000 பேரில் ஒருவருக்கு. அதற்குக் காரணமான மரபணு பழுதானால், உயிரணு தனக்குப் பிராணவாயு பற்றவில்லை என்று தவறாக நினைத்துக்கொண்டு புதுப்புது இரத்தநாளங்களை வரவழைக்கும். பிராணவாயுவை உயிரணு எப்படி உணர்கிறது என்ற கண்டுபிடிப்புக்கு 2019-ல் மூன்று பேருக்கு நோபல் கிடைத்தது, அந்த மூவரில் ஒருவரான வில்லியம் கேலின் இந்தக் குடும்பநோயை ஆராயப்போய்த்தான் அங்கே வந்து சேர்ந்தார். சாதாரணமாக வரும் தெளிசெல் வகைப் புற்றிலும் பெரும்பாலும் இதே மரபணுதான் கெட்டிருக்கும். அதைப் பிறப்பில் வாங்கிவரவில்லை, வாழ்க்கையில் கெட்டது, அதுதான் வித்தியாசம்.

‘அம்மாவை அப்பா சொந்த மாமன் மகளாகத்தான் கட்டினார், அதனாலா’ என்று அடைப்புக்குள் கேட்டிருந்தீர்கள். இல்லை. சொந்தத்தில் கட்டினால் கூடுவது, இரு பக்கமும் ஒரே பழுது சேர்ந்தால்தான் வெளிப்படும் நோய்கள். பரம்பரைச் சிறுநீரகப் புற்றுகள் அப்படியல்ல, ஒரு பக்கத்திலிருந்து ஒரே ஒரு பழுது வந்தால் போதும், பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வேறு கூட்டத்தில், முற்றிலும் அந்நியத்தில் பெண் எடுத்திருந்தாலும் கணக்கு மாறாது. அம்மாவிடம் யாராவது இதைச் சொல்லி மனதை நோகடித்திருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

பரம்பரை என்று சந்தேகப்பட வேண்டியது எப்போது? 46 வயதுக்குள் வந்தால், இரண்டு சிறுநீரகத்திலும் வந்தால், ஒன்றில் பல கட்டி இருந்தால், பங்காளிகளிலோ அப்பாவின் உடன்பிறந்தவர்களிலோ வேறு யாருக்கும் இருந்தால். இதோடு அத்தைமார்களில் யாருக்காவது சின்ன வயதிலேயே கர்ப்பப்பையில் நார்க்கட்டி நிறைய இருந்ததா, யாருக்காவது நுரையீரல் காற்றுப்பை திடீரென வெடித்ததா, மூளையிலோ கண்ணிலோ இரத்தநாளக் கட்டி இருந்ததா என்றும் விசாரியுங்கள். 66 வயதில், ஒரு பக்கத்தில், ஒரே கட்டி என்கிற உங்கள் அப்பாவின் படம் பரம்பரை மாதிரி தெரியவில்லை. நாற்பது வருசம் பீடி குடித்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எல்லோரும் வருசா வருசம் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எந்த நாட்டிலும் பரிந்துரை இல்லை. மன அமைதிக்கு நீங்கள் ஒரு தடவை அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. அதைவிட முக்கியம், சிறுநீரில் இரத்தம். வலியே இல்லாமல் ஒரே ஒரு தடவை சிவப்பாகப் போய் தானே நின்றுவிட்டாலும் ‘சூடு’ என்று இளநீர் குடித்துவிட்டு உட்காராமல் அந்த வாரமே காட்டுங்கள். உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் யாருக்கானாலும்.

அப்பாவை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். 4 செ.மீ. கட்டி, வெளியே பரவவில்லை என்றால், முழுச் சிறுநீரகத்தை எடுக்காமல் கட்டியுள்ள பகுதியை மட்டும் எடுக்க முடியுமா? இந்த அளவில் பலருக்கு முடியும், குணமாகும் வாய்ப்பும் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டும். இரண்டாவது, எடுத்த கட்டியின் பரிசோதனை அறிக்கையில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது? அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் உங்கள் தம்பியோ பிள்ளையோ எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான். வந்ததும் எனக்கும் வகையை எழுதுங்கள். கூடவே உங்கள் பி.பி. எவ்வளவு என்றும்.